அம்மாவின் துக்க வீட்டில் பார்த்தது

எல்லாச் சபைகளும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தால்தான் கிறிஸ்தவர்கள் ஒன்றாவார்கள் என்கிறது நான் வாசித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யோவான் சுவிசேஷம் 17-ஆம் அதிகாரத்தில், சிலுவைப் பாடுகளுக்கு முந்தின இரவு, எல்லாரும் ஒன்றாயிருக்க இயேசு வேண்டுகிறார். நிர்வாகம் பற்றி அங்கே பேச்சே இல்லை.

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். அம்மா லுத்தரன். அவர் தவறிய இரவு பக்கத்து லயத்துக் கத்தோலிக்க அக்காமார் வந்து செபமாலை சொன்னார்கள். அப்புறம் மெதடிஸ்ட் சபையார் கீர்த்தனை பாடினார்கள். பெந்தெகொஸ்தே தம்பிகள் விடியும்வரை கூடாரத்திலேயே இருந்து கோப்பி கலக்கிக் கொடுத்தார்கள். எங்களுக்கு ‘ஜெபம்’, அக்காமாருக்கு ‘செபம்’. எங்களுக்குத் ‘தேவன்’, அவர்களுக்குக் ‘கடவுள்’. 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தும் எங்கள் வீட்டில் பழைய பைபிள்தான், அம்மாவுக்கு அதுதான் மனப்பாடம். அதிலிருந்து 23-ஆம் சங்கீதத்தை வாசித்தது ஒரு கத்தோலிக்க அக்கா. வாசிக்கும்போதே அழுதுவிட்டார்.

பல சபைகளும் சேர்ந்து 1985-இல் அமைத்த மலேசியக் கிறிஸ்தவக் கூட்டமைப்பு போன்றவை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அக்காவும் நானும் இன்றுவரை ஆராதனையில் அப்பமும் இரசமும் பகிரும் ஒரே திருவிருந்தில் பங்கெடுக்க முடியவில்லை. அது எனக்கு வலிக்கிறது. கட்டுரையாளர் அதை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்க வேண்டாம்.