மைக் பிடிக்கறதுக்கு முன்னாடி நோட்டீஸ் கொடுங்க

அக்டோபர் 2 நெருங்குது. ஊர் வாக்காளருங்க எல்லாரும் கூடிப் பேசுற கிராம சபை அன்னிக்குத்தான். கிராம சபைப் பிரச்சாரத்துக்குத் தன்னார்வலரா வர ஆசைப்படுற காலேஜ் பிள்ளைங்க நாலஞ்சு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுட்டாங்க: "அக்கா, எனக்கு நாலு பேர் முன்னாடி பேச வராது. நான் வந்து என்ன செய்யப் போறேன்?" தனித்தனியா பதில் சொல்றதை விட இங்கேயே எழுதிடறேன்.

பள்ளிக்கூடத்துல நான் பேச்சுப் போட்டிக்குப் போனவ. தமிழய்யா எழுதிக் கொடுத்த ரெண்டு பக்கத்தை மனப்பாடம் பண்ணி, கையை எங்க தூக்கணும், குரலை எங்க ஏத்தணும்னு பென்சில்ல குறிச்சு வெச்சுப் பேசி எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருக்கேன். அதுல ஒரு வரி கூட இப்ப நினைவுல இல்ல. அந்தப் பேச்சு யாரையும் பார்த்துப் பேசினது இல்ல, அதுதான் காரணம்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது.

2018 அக்டோபர். விழுப்புரம் மாவட்டத்துல எங்க ஊர்ப் பக்கம் சில பேரு சேர்ந்து கிராம சபைக்கு ஆள் கூட்டக் கிளம்பினோம். தமிழ்நாட்டுல அப்போ எந்த ஊராட்சியிலயும் தேர்ந்தெடுத்த தலைவர் கிடையாது. 2016-ல பதவிக்காலம் முடிஞ்சும் தேர்தல் நடக்கல, அரசு நியமிச்ச தனி அலுவலர்தான் எல்லாம். மற்ற மாவட்டங்கள்ல 2019 டிசம்பர்ல தேர்தல் வந்தும், மாவட்டம் பிரிச்சதால எங்க பக்கம் 2021 அக்டோபர் வரைக்கும் இழுத்துச்சு. அந்த அஞ்சு வருஷமும் ஊர் ஜனம் வாய் திறந்து கேட்கக் கிடைச்ச ஒரே இடம் கிராம சபை. 501-ல இருந்து 3,000 பேர் வரைக்கும் உள்ள ஊராட்சின்னா 100 பேராவது வரணும், அப்பத்தான் கூட்டம் செல்லும். அந்த 100 பேரைக் கொண்டு வர்றதுதான் எங்க வேலை.

எனக்குக் கொடுத்தது நோட்டீஸ் கட்டு. முதல் நாள் சாயங்காலம் ஒரு திண்ணையில உட்கார்ந்திருந்த ஆயாகிட்ட, "குடிநீர் விநியோகம் சீராக நடைபெறக் கோரி..."ன்னு ஆரம்பிச்சேன். அவங்க நோட்டீஸை வாங்கவே இல்ல. "நீ யாரு வூட்டுப் பொண்ணு? இன்னா சொல்ற?"ன்னாங்க. உட்கார்ந்தேன். அவங்கதான் சொன்னாங்க: "கொழாயில தண்ணி ராவு மூணு மணிக்கு வுடுறான். அந்நேரத்துக்கு எவ முழிச்சிருப்பா? முழிச்சாலும் நாலு கொடம்தான்."

மூணு மணி, நாலு குடம். ரெண்டு பக்கப் பேச்சு செய்யாததை இந்த ரெண்டு எண்ணு செஞ்சுது. அடுத்த வீட்டுல போய் "உங்களுக்கும் மூணு மணிக்குத்தான் வருதாக்கா?"ன்னு கேட்டேன். கதவு திறந்துச்சு, சொம்புல தண்ணியும் வந்துச்சு. நாலு நாள்ல நூறு வாசலுக்கு மேல ஏறியிருப்பேன். ஒவ்வொரு வாசல்லயும் ஒரு நிமிஷம். முகம் சுளிச்சா நிறுத்தணும், தலையாட்டினா தொடரணும், புரியலன்னா வேற வார்த்தை தேடணும். எனக்குப் பேச்சுப் பயிற்சின்னா அதுதான்.

சபை அன்னிக்கு எழுந்து நின்னப்போ கை நடுங்குச்சு. ஆனா எதிர்ல உட்கார்ந்திருந்தவங்க பாதிப் பேரை எனக்குத் தெரியும். அந்த ஆயா முன் வரிசையில. அவங்களைப் பார்த்தே பேசினேன், ரெண்டு நிமிஷம் கூட இருக்காது. எந்தத் தெரு, எத்தனை மணி, எத்தனை குடம். கடைசியா, "இதைத் தீர்மானமா எழுதி, எழுதினதை இங்கயே படிச்சுக் காட்டுங்க." எழுதினாங்க, படிச்சாங்க. தண்ணி விடுற நேரம் மாற அதுக்கப்புறமும் பல மாசம் ஆச்சு, மனு மேல மனு போட்டோம். அது வேற கதை. ஆனா அன்னிக்கு எனக்குப் பின்னாடி நாலு பெண்கள் எழுந்து பேசினாங்க. நூறு நாள் வேலைக் கூலி 15 நாளுக்குள்ள வரணும்னு சட்டம் சொல்லுது, எனக்கு இன்னும் வரலன்னு ஒரு அக்கா பாஸ்புக்கை விரிச்சுக் காட்டினாங்க. நான் பேசினதை விட நூறு மடங்கு நல்ல பேச்சு அது.

நிகழ்ச்சி நடத்துறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும், கொஞ்சம் கோபத்தோடதான். இளைஞர் கூட்டம்னு பேர் வெச்சுட்டு சிறப்பு விருந்தினர் ஒருத்தருக்கு ஒண்ணேகால் மணி நேரம் மைக் கொடுக்கறீங்க. வெயில்ல நாற்காலி போட்ட பையன் கடைசி வரைக்கும் வாயே திறக்காம வீட்டுக்குப் போறான். பெண் பிள்ளைங்கன்னா வரவேற்பு, சால்வைத் தட்டு, பதிவு மேசை. நன்றியுரை கூட இன்னொரு ஆம்பளைக்குத்தான். உள்ளாட்சியில பெண்களுக்குப் பாதி இடம்னு 2016-லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு. அந்த நாற்காலியில நாளைக்கு உட்காரப் போறவங்க இன்னிக்கு எங்க பேசிப் பழகுறது? அரை மணி நேரத்தைத் தன்னார்வலர்களுக்குன்னு ஒதுக்குங்க. ஆளுக்கு மூணு நிமிஷம், களத்துல பார்த்தது மட்டும், கவிதை வேண்டாம். தடுமாறட்டும். பக்கத்துல போய் எடுத்துக் கொடுக்காதீங்க, காத்திருங்க.

பேச வராதுன்னு சொன்ன தங்கச்சி தம்பிங்களா, அதனாலயே வாங்க. சனிக்கிழமை சாயங்காலம் தண்ணி டேங்க் தெருவுல ஆரம்பிக்கிறோம். ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சு போவோம். முதல் அஞ்சு வீட்டுல நான் பேசறேன், நீங்க கேளுங்க. ஆறாவது வீட்டுல இருந்து நோட்டீஸ் கட்டு உங்க கையில.