பல்லில் உரசினால் இயற்கை முத்து தெரிந்துவிடுமா?

'ராமேசுவரம் கடை முத்தைப் பல்லில் உரசிப் பாருங்கள், நறநறவென்றிருந்தால் மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த இயற்கை முத்து' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது பாதிதான் சரி, அந்தப் பாதியை நம்பிப் பணத்தை இழப்பவர்கள் உண்டு.

உரசலில் கண்ணாடி, பிளாஸ்டிக் போலிகள் பெரும்பாலும் வழவழப்பால் பிடிபடும். ஆனால் வளர்ப்பு முத்தின் (மனிதர் தூண்டிச் சிப்பிக்குள் வளர்ப்பது) மேலுறையும் சிப்பி சுரந்ததே, அதுவும் நறநறக்கும். நூல் கோர்க்கும் துளைக்குள் விளக்கடித்து லென்ஸால் பாருங்கள். உள்ளே வைத்த சிப்பி ஓட்டு மணிக்கும் மேலுறைக்கும் நடுவே கோடு தெரிந்தால் வளர்ப்பு. கோடு இல்லாததால் இயற்கை ஆகிவிடாது: நன்னீர் வளர்ப்பு முத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு உள்மணியே கிடையாது. ஆய்வகத்தின் எக்ஸ்ரேதான் முடிவு சொல்லும்.

மன்னார் வளைகுடாவின் நம் இந்தியக் கரையில் கடைசிப் பெரிய முத்துச் சலாபம் (முத்துக்குளிப்பு) 1961-இல் முடிந்தது. இன்று கடையில் சரம் சரமாகத் தொங்குபவை அந்தப் பாரிலிருந்து (சிப்பி வளரும் கடலடித் திட்டு) வந்தவை அல்ல.

இயற்கை முத்தின் மவுசு ஒரு காலத்தில் எப்படி இருந்தது? 1917-இல் கார்ட்டியே என்ற நகை நிறுவனம் ஒரு இரட்டைச்சர இயற்கை முத்து மாலையையும் 100 டாலரையும் கொடுத்து நியூயார்க் ஐந்தாம் அவென்யூ மாளிகையை வாங்கியது. ஜப்பானிய வளர்ப்பு முத்து சந்தையை நிரப்பிய பிறகு, 1957 ஏலத்தில் அதே மாலை சுமார் ஒன்றரை லட்சம் டாலருக்குத்தான் போனது.

தயவுசெய்து எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ போட்டுச் சோதிக்காதீர்கள். முத்து பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அமிலம் அரித்துவிடும், போன பளபளப்பு திரும்பாது.