மாளிகைக்கு வாசல் எந்தப் பக்கம்?

நான்கு நாள்களாக என் இணையக் கணக்குக்குள் என்னால் நுழைய முடியவில்லை. பாஸ்வேர்டு மறக்கவில்லை. யாரும் திருடவும் இல்லை. ‘வழக்கத்துக்கு மாறான செயல்பாடு’ தெரிந்ததாம், பூட்டிவிட்டார்கள். அது என்ன செயல்பாடு என்று கேட்டால், பாதுகாப்பு கருதிச் சொல்ல இயலாதாம். யாருடைய பாதுகாப்பு? என் பொருளை என்னிடமிருந்தே காப்பாற்றுகிறார்கள்! பதினோரு ஆண்டுப் புகைப்படங்கள் உள்ளே கிடக்கின்றன.

உதவி கேட்கப் போனால், தானாகப் பதில் சொல்லும் ஓர் உரையாடல் பொறி வணக்கம் சொல்கிறது. அது காட்டிய பக்கத்தைத் திறந்தால், ‘கணக்குக்குள் நுழைந்து புகார் அளிக்கவும்’ என்றிருக்கிறது. பெட்டி பூட்டியிருக்கிறது என்று போனவரிடம், சாவி பெட்டிக்குள்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல. ‘மனிதரிடம் பேச வேண்டும்’ என்று தட்டினேன். ‘புரியவில்லை, வேறு சொற்களில் கேளுங்கள்’ என்றது. மனிதருக்கு வேறு என்ன சொல் இருக்கிறது? ‘ஆள்’ என்று போட்டேன். அதுவும் புரியவில்லை.

எரிச்சலில் செய்திகளைப் புரட்டினால் அதே நிறுவனத்தின் புதிய தலைமையகம் பல்லிளிக்கிறது. மரங்கள், நீரோடை, கூரையில் புல்வெளி, சாய்ந்து படுக்க மெத்தைகள். பெயர் சொல்லப்போவதில்லை, சொன்னால் மட்டும் யார் கேட்கப்போகிறார்கள்? தொடங்கிய காலத்தில் இந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினால் மறுநாளே பதில் வரும், கீழே ஒருவரின் பெயரும் இருக்கும். அந்த நம்பிக்கையில்தான் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டினோம். கட்டடம் வளர வளரப் பெயர்கள் காணாமல் போயின.

இந்தப் பெருநிறுவனங்கள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். என் கணக்கைப் பூட்டியது ஆப்பிள் அல்ல. ஆனாலும் மாளிகைக் கதை என்றால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 2011 ஜூனில் ஸ்டீவ் ஜாப்ஸ் கலிபோர்னியாவின் கூப்பர்டினோ நகர மன்றத்துக்கு நேரில் போய், விண்கலம் வந்து இறங்கியது போன்ற கட்டடத்துக்கு வரைபடம் காட்டினார். 2017-ல் ஊழியர்கள் குடிபுகத் தொடங்கினார்கள். 175 ஏக்கர், 12,000 பேருக்கு இடம், சுற்றிலும் கண்ணாடி. அந்தக் கண்ணாடி இருப்பது தெரியாமல் ஊழியர்களே முட்டிக்கொண்டு, 2018 தொடக்கத்தில் அவசர உதவியை அழைக்க வேண்டியிருந்தது. சுவரைக் கண்ணாடியில் கட்டிவிட்டால் எல்லாம் வெளிப்படை ஆகிவிடுமா? குடிபுகுந்த அதே ஆண்டு டிசம்பரில்தான், பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைச் சத்தமில்லாமல் குறைத்ததை ஒப்புக்கொண்டு ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. பொதுமக்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், சாலைக்கு எதிர்ப்புறத்தில். அங்கே போனால் கட்டடத்தின் மாதிரி வடிவத்தைப் பார்க்கலாம். மாதிரியை!

கூகுள் 2022-ல் திறந்த புதிய வளாகத்தின் கூரை, கூடாரம் போல அழகாக அலையடிக்கிறது. உள்ளே வைஃபை சரியாகக் கிடைக்கவில்லை என்று 2024-ல் செய்தி வந்தது. மன்னிக்கவும், சிரித்துவிட்டேன்.

பேஸ்புக் கதை வேறு ரகம். 2011-ல் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் அது குடியேறியது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனம் காலி செய்த வளாகத்தில். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த சன், 2010-ல் ஆரக்கிள் என்ற மென்பொருள் நிறுவனத்துக்கு விலைபோயிருந்தது. வாசல் பலகையைப் பிடுங்கி எறியாமல் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தில் தங்கள் சின்னத்தை ஒட்டிக்கொண்டார்கள். அலட்சியமாக இருந்தால் நமக்கும் இதே கதிதான் என்று ஊழியர்களுக்கு நினைவூட்டவாம். நல்ல யோசனைதான். ஆனால் 8.7 கோடிப் பேர் வரையிலானோரின் தகவல்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்திடம் போன கதை 2018-ல் வெளிவந்தபோது, அந்தப் பலகை யாருக்கு எதை நினைவூட்டியது? 2021 அக்டோபரில் மெட்டா என்று பெயரை மாற்றி, பலகையின் முன்பக்கத்தையும் மாற்றினார்கள்.

அந்த மாதம் 4-ஆம் தேதி அவர்களுடைய சேவைகள் எல்லாம் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. அடையாள அட்டைகளும் வேலை செய்யாமல், ஊழியர்களே தங்கள் கட்டடத்துக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றார்கள். தன் வீட்டு வாசலில் தானே அந்நியராக நிற்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு அன்று தெரிந்திருக்கும். ஆறு மணி நேரம்தான். எனக்கு நான்கு நாள்.

ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இந்த வீடுகள் தின்பதில் ஒரு பிடி உதவிப் பிரிவுக்குச் சிந்தியிருந்தால், தொலைபேசியை எடுக்க நூறு பேரை உட்கார வைத்திருக்கலாம். புல்வெளிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறது, எனக்குப் பதில் சொல்ல இல்லை!

சற்று முன்பு எங்கோ ஒரு மூலையில் புகார்ப் படிவம் ஒன்று அகப்பட்டது. எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பப் போனால், ‘நீங்கள் மனிதர்தான் என்பதை உறுதிசெய்யவும்’ என்கிறது. ஒரு மனிதருக்காக நான்கு நாளாக அலைகிறேன், சந்தேகம் என்மேல்! போக்குவரத்து விளக்கு தெரிகிற கட்டங்களை எல்லாம் தொட்டேன். ஒன்றை விட்டுவிட்டேனாம். மறுபடி முதலிலிருந்து.