ஒரு ‘அப்’ கூடிப்போனதற்கா அந்தச் சிரிப்பு?

நேற்று நேர்முகத் தேர்வுக்குப் போன என் தம்பி முகம் செத்துப்போய் வந்தான். வேலை நெருக்கடியை எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டிருக்கிறார்கள். ‘ஐ கேன் கோப் அப் வித் பிரஷர்’ என்றிருக்கிறான். எதிரே இருந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். ‘கோப் வித்’தான், நடுவில் ‘அப்’ வராது என்று ஒருவர் திருத்தினாராம். அதற்கப்புறம் இவனுக்கு வாயே எழவில்லை.

எனக்கு வயிறு எரிகிறது. ஏன் வராது என்று அந்த ஆளால் சொல்ல முடியுமா? பொறுத்துக்கொள்ள ‘புட் அப் வித்’. ஈடுகொடுக்க ‘கீப் அப் வித்’. எட்டிப்பிடிக்க ‘கேட்ச் அப் வித்’. புது யோசனைக்கு ‘கம் அப் வித்’. இத்தனை இடத்தில் ஜோடியாக வருவது சமாளிப்பதற்கும் வரும் என்று நினைத்தவன் முட்டாளா? அவன் கணக்கு சரி. அந்த மொழிதான் அங்கே மட்டும் கணக்கு மாறுகிறது.

தமிழிலும் அடுக்குகிறோம். பூனை கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது என்றால் அடி, இல், இருந்து மூன்றும் தங்கள் பொருளோடு நிற்கின்றன. ஆங்கிலத்தின் ‘ஃப்ரம் அண்டர்’ கூட அப்படித்தான், அதோடு எனக்குச் சண்டையில்லை. பொருளை உதறிவிட்டுத் திரியும் ஜோடிகள்தான் உயிரை எடுக்கின்றன. ‘ஐயாம் அப் ஃபார் இட்’ என்றாலும் நான் தயார், ‘ஐயாம் டவுன் ஃபார் இட்’ என்றாலும் நான் தயார். மேலும் கீழும் எப்படி ஐயா ஒன்றாகும்? ‘டவுன் வித் ஃபீவர்’ என்றால் காய்ச்சலில் படுத்திருக்கிறான். ஊர்வலத்தில் ‘டவுன் வித்’ என்று கத்தினால் ஒழிக. அமெரிக்கர் ‘ஐயாம் டவுன் வித் தட்’ என்றால் சம்மதம்! ‘அப் டு’வும் லேசுப்பட்டதில்லை. துணிக்கடைப் பலகையில் 50 சதவீதம் வரை, ‘இட்ஸ் அப் டு யூ’வில் உன் விருப்பம், ‘ஐயாம் நாட் அப் டு இட்’டில் என்னால் முடியாது.

பள்ளியில் எங்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? மேசை மேல் பந்து, ‘ஆன்’. மேசைக்கு அடியில் பந்து, ‘அண்டர்’. வருஷம் வருஷமாக அதே பந்து. ஜோடிகள் வந்ததும் ஒரு பட்டியல், மனப்பாடம், முடிந்தது. ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’வுக்கு அப்புறம் ‘மீட்’ இல்லை, ‘மீட்டிங்’தான் வரும், ஏனென்றால் அந்த ‘டு’ வேறு ‘டு’ என்று ஒருத்தரும் வாய்திறந்து சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் தப்பாகவே கடிதம் எழுதியிருக்கிறேன்.

தப்பென்றால் திருத்துங்கள், கேட்டுக்கொள்கிறோம். சிரிக்க என்ன இருக்கிறது? மெக்கானிக்கல் படித்தவன் அவன். தானே வரைந்த இயந்திர வரைபடங்களை ஒரு ஃபைலில் போட்டு, கசங்காமல் மடியில் வைத்து, பஸ்ஸில் இரண்டு மணி நேரம் கொண்டுபோனான். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.