பாயிண்ட் இடைவெளியைக் கண்ணால் அளக்காதீங்க!

வீட்டில் நிற்பது பழைய வில்லிஸ் ஜீப், ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின். போடிமெட்டு ஏறும்போது திக்கித் திக்கி இழுத்தால் போதும், பார்க்கிற மெக்கானிக் எல்லாரும் முதலில் கார்புரேட்டரைத்தான் கழற்றுகிறார்கள். அய்யா, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை ஒரு தடவை திறந்து பாருங்களேன்!

அதற்குள்ளே திறந்து மூடி, பிளக்கில் பொறி விழவைக்கும் சின்ன சுவிட்ச்தான் பாயிண்ட். அது திறந்து நிற்கும்போது இருக்க வேண்டிய இடைவெளி 0.020 அங்குலம். அரை மில்லிமீட்டர்தான். அதை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்து அளக்காமல், உப்புத்தாளால் ரெண்டு தேய் தேய்த்து, கண்மதிப்பில் திருகை முடுக்கிவிட்டு "சரியாப் போச்சு சார்" என்கிறார்கள். அதைவிட எரிச்சல், டைமிங்கை, அதாவது பொறி விழும் நேரத்தை, வைத்து முடித்த பிறகு பாயிண்டில் கை வைப்பது. இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னால் ஓடிவிடும். பிஸ்டன் உச்சிக்கு வர 5 டிகிரி முன்னால் வைத்தது எங்கேயோ போய், மேட்டில் எஞ்சின் கடகடவென்று தட்டும். முதலில் பாயிண்ட், பிறகுதான் டைமிங். இந்த வரிசையை இன்னும் எத்தனை பேருக்குத்தான் சொல்வது?

பாயிண்ட் தீய்ந்து போகாமல் காக்கும் கண்டென்சரின் கதை தனி. புதிதாக வாங்கி மாட்டியது ஒரே வாரத்தில் செத்து, பாயிண்ட் கருகிப்போனது. கழற்றிப் போட்டிருந்த பழையதைத் துடைத்து மறுபடி மாட்டியிருக்கிறேன். இப்போதைக்கு ஓடுகிறது.