கோப்பித்தூளை ஊற விடுங்கள்

டிசம்பரில் ரொறன்ரோவில் இருந்து ஊருக்கு வரப்போகும் மச்சாள் போன கிழமை வீடியோ கோல் எடுத்தார். "உங்களுக்கொரு கோப்பி மெசின் வாங்கிக்கொண்டு வரட்டா? இஞ்ச இப்ப நல்ல மலிவா போகுது" என்றார். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். அவருடைய முகம் வாடிப்போனது. அன்பாகக் கேட்டவருக்கு ஒற்றைச் சொல்லில் மறுப்புச் சொன்னது எனக்கும் சரியாகப் படவில்லை. காரணத்தைச் சொல்லத் தொடங்க, லைன் கட்டாகிவிட்டது. வெளிநாட்டில் சொந்தம் உள்ள பல வீடுகளில் இந்தக் கேள்வி வருகிறது. அதனால் ஆறுதலாக இங்கேயே எழுதுகிறேன்.

வீட்டுக்குக் கோப்பி மெசின் பார்க்கும்போது எத்தனை பட்டன், எத்தனை கப், மணிக்கூடு இருக்கிறதா என்பதெல்லாம் பிறகு. தூள் சுடுதண்ணீருக்குள் கொஞ்ச நேரம் ஊற அது வழிவிடுகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வழிவிடாத மெசின் என்ன விலையானாலும் அதன் கோப்பி நம் வாய்க்குச் சப்பென்றுதான் இருக்கும்.

மட்டக்களப்பில் கோப்பி என்றாலே ஊறிய கோப்பிதான். கல்லடி வீட்டில் அம்மம்மா கொட்டையை மண்சட்டியில் வறுத்து, கொஞ்சம் மல்லியும் ஒரு துண்டு வேர்க்கொம்பும் சேர்த்து உரலில் இடித்து, அரித்துப் போத்தலில் அடைத்து வைப்பார். பின்னேரம் எனாமல் ஜக்கில் தூளைப் போட்டு, கேத்தலில் கொதித்த தண்ணீரை ஊற்றி, கரண்டியால் ஒருதரம் கலக்கி, பீங்கானால் மூடிவிடுவார். நாங்கள் அவசரப்பட்டால், "பொறு மனே, மண்டி இறங்கட்டும்" என்பார். மூடியை எடுத்ததும் மேலே நுரையோடு தூள் தடிப்பாக மிதக்கும். அதன் மேல் ஒரு கை பச்சைத்தண்ணீர் தெளிப்பார். நடுவில் கோடு விட்டதுபோல் நுரை பிளந்து, தூள் மெல்லமெல்லக் கீழே போகும். அதைப் பார்ப்பதற்கென்றே நாங்கள் ஜக்கைச் சுற்றி நிற்போம். பிறகு ஜக்கை ஆட்டாமல் சரித்து ஊற்றுவார். அடியில் கிடக்கும் ஒரு விரல்கடை கோப்பியை யாருக்கும் ஊற்றமாட்டார். செத்த வீடுகளில் இரவிரவாக ஊற்றும் கோப்பியும் இதே முறைதான், ஜக்குக்குப் பதில் பெரிய கிடாரம்.

அந்த வாயோடு வளர்ந்த நான் 2019இல், தூளின் மேல் சுடுதண்ணீரைச் சொட்டவிட்டு வடிக்கும் பத்துக் கப் டிரிப் மெசின் ஒன்றை வாங்கினேன். வீட்டில் குடிப்பது நானும் அம்மாவும் மட்டும். இரண்டு கப்புக்குத் தண்ணீர் விட்டு, அளந்து தூள் போட்டு, சுவிட்சைப் போட்டால் இறங்குவது கழுநீர் மாதிரி இருக்கும், சாடையான புளிப்பு வேறு. தூளைக் கூட்டிப் பார்த்தேன், புளிப்புத்தான் கூடியது. ஒருநாள் கோப்பி இறங்கி முடிந்த கையோடு தூள் போடும் கூடையைத் திறந்து பார்த்தேன். தூளின் நடுவில் கட்டைவிரல் போகிற அளவுக்கு ஒரு குழி. தண்ணீர் முழுவதும் அந்தக் குழியால் இறங்கியிருக்கிறது. ஓரத்துத் தூளைக் கரண்டியால் கிளறினேன். உள்ளே மண்ணிறமாக, காய்ந்தபடி அப்படியே கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இந்த மெசின்கள் எப்படி வேலை செய்கின்றன என்று தேடிப் படித்தேன்.

பெரும்பாலான டிரிப் மெசின்களில் பம்ப் கிடையாது. அடியில் ஒரு சூடாக்கும் குழாய் இருக்கும். அதற்குள் வரும் தண்ணீர் கொதித்துக் குமிழி விடும். அந்தக் குமிழிகள்தான் தண்ணீரை மேலே தள்ளி, தூளின் மேல் துளித்துளியாகக் கொட்ட வைக்கின்றன. நல்ல கோப்பிக்குத் தூளைத் தொடும் தண்ணீர் 92 முதல் 96 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். மலிவான மெசின்களில் முதலில் விழும் தண்ணீர் அந்தச் சூட்டுக்கு வருவதில்லை. போதாததற்குப் பத்துக் கப் கூடையில் இரண்டு கப் தூள் மெல்லிய படையாகப் பரவிக் கிடக்கும். தண்ணீர் அதில் தங்காமல் ஓடிவிடும்.

தங்காவிட்டால் என்ன நடக்கும்? தூளில் இருந்து முதலில் கரைவது புளிப்பு, அதன் பிறகு இனிப்பு, கடைசியில்தான் கசப்பு. தூளின் எடையில் 18 முதல் 22 வீதம் வரை தண்ணீருக்குள் இறங்கினால் சுவை சரியாக இருக்கும் என்பது கோப்பித் தொழிலில் நெடுநாளாக உள்ள கணக்கு. அதற்கு முன்பே தண்ணீர் ஓடிவிட்டால் புளிப்பு மட்டும்தான் கோப்பைக்கு வரும். புதிதாக வறுத்த தூளுக்குள் காபனீரொட்சைட்டு வேறு அடைபட்டிருக்கும். அது வெளியேறும்போது தண்ணீரை உள்ளே விடாமல் தள்ளும். அம்மம்மாவின் ஜக்கில் பொங்கிய நுரை அந்த வாயுதான். அதனால் முதலில் கொஞ்சத் தண்ணீரில் தூளை நனைத்து 30, 40 செக்கன் விட வேண்டும். ஊறும் கோப்பியில் இந்தச் சிக்கல் பாதி தானாகவே தீர்ந்துவிடும். ஒவ்வொரு துகளையும் சுற்றி ஒரே தண்ணீர் நிற்கும், குழி விழ இடமில்லை.

அப்படியென்றால் பழைய ஜக்கே போதுமே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் விரும்பியிருப்பேன். ஆனால் அம்மாவுக்குக் கொலஸ்டிரோல் கூடி கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். வடிகட்டாத கோப்பியில் கபெஸ்டோல் என்றொரு எண்ணெய்ப்பொருள் உண்டு. கெட்ட கொலஸ்டிரோலைக் கூட்டுவது அது. கடதாசி வடிகட்டி அதைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும், கம்பி வடி அந்த அளவுக்குப் பிடிக்காது. ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பப் பெண் 1908இல் பதிவு செய்த யோசனை இந்தக் கடதாசி வடி. ஒரு பித்தளைப் பாத்திரத்தில் ஆணியால் ஓட்டை போட்டு, மகனின் பள்ளிக் கொப்பியில் இருந்த மையொற்றும் தாளை உள்ளே வைத்து அவர் வடித்துப் பார்த்திருக்கிறார். மண்டி வாய்க்குள் வருகிறதே என்ற எரிச்சலில் குசினிக்குள் பிறந்த சாமான். அதை வாசித்தபோது எனக்கு அம்மம்மாதான் நினைவுக்கு வந்தார்.

ஆக எனக்கு வேண்டியது இரண்டும்: தூள் ஊறவும் வேண்டும், கடதாசியால் வடியவும் வேண்டும்.

இதைச் செய்யும் மெசின் உண்டு. நெதர்லாந்தில் செய்யும் மொக்காமாஸ்டரில், கூடையின் அடியில் கையால் திருப்பும் அடைப்பு உள்ள மொடல் ஒன்று வருகிறது. முழுவதும் திறக்கலாம், பாதி திறக்கலாம், மூடலாம். கொஞ்சமாக ஊற்றும்போது முதலில் மூடி வைத்துத் தூளை நனைய விட்டு, பிறகு பாதி திறந்தால் போதும். தண்ணீர்ச் சூடும் சரியாக வரும். ஆறேழு பேர் காலையிலும் மாலையிலும் குடிக்கும் வீடாக இருந்து, காசும் இருந்தால் வாங்குங்கள், நல்ல சாமான். இரண்டு பேருக்கு அந்த விலை கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

எதை வாங்கினாலும் ஐரோப்பாவுக்குச் செய்த 230 வோல்ட் மெசினாக இருக்க வேண்டும். கனடாவில் இருந்து கொண்டு வராதீர்கள் என்பதற்கு இதுதான் காரணம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. சித்தப்பா வீட்டுக்கு இப்படி ஒன்று வந்தது. பிளக் பொருந்த ஒரு அடப்டர் மாட்டிச் சுவிட்சைப் போட்டார்கள். அடப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், கரண்டை மாற்றாது. வோல்ட் இரண்டு மடங்கானால் சூடாக்கி இழுக்கும் பவர் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. 900 வோட் மெசின் 3300 வோட் இழுக்கும். ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய மணம், அவ்வளவுதான். கடல் தாண்டிப் பெட்டிக்குள் பத்திரமாகச் சுற்றி வந்த அன்பளிப்பு அது. சித்தி அதை எறிய மனமில்லாமல் நெடுநாள் அலுமாரி மேல் வைத்திருந்தார். கரண்டைக் குறைக்கும் டிரான்ஸ்போர்மர் வாங்கலாம்தான், ஆனால் இந்த வோட்டுக்கு ஏற்றது தூக்கமுடியாத பாரம். காலைக் கோப்பிக்கு அது தேவையா?

ஏற்கெனவே சாதாரண மெசின் வீட்டில் இருந்தால் எறிய வேண்டாம். ஜக்கை இழுத்தால் சொட்டு நிற்கிற அடைப்பு பல மெசின்களில் உண்டு. தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் ஜக்கை வெளியே எடுத்து, அரை நிமிடம் விட்டு, திரும்ப வையுங்கள். பக்கத்திலேயே நிற்க வேண்டும். கூடை பாதிக்கு மேல் நிரம்ப விட்டால் கொதிக்கிற மண்டி வெளியே வழிந்து கையைச் சுட்டுவிடும். சாதாரண தட்டுச் சுவிட்ச் உள்ள மெசினென்றால் இன்னும் சுகம்: தூள் நனைந்ததும் நிறுத்துங்கள், 40 செக்கன் கழித்துத் திரும்பப் போடுங்கள். டிஜிட்டல் பட்டன் உள்ள மெசின் சில வேளை முதலில் இருந்து தொடங்கும். சுவிட்ச் மெசினை நான் கூடுதலாக விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

இனி எங்கள் வீட்டில் இப்போது இருப்பதைச் சொல்கிறேன். கிளெவர் டிரிப்பர் என்று தாய்வானில் இருந்து வரும் ஒரு பிளாஸ்டிக் கூம்பு. மெசினே இல்லை. அடியில் ஒரு அடைப்பு. மேசையில் வைத்தால் மூடியிருக்கும், கப்பின் மேல் வைத்தால் திறந்து வடியும். ஜப்பானின் ஹரியோ சுவிட்சும் இதே வேலையைச் செய்கிறது. அது கண்ணாடிக் கூம்பு, உருக்குக் குண்டு ஒன்று ஓட்டையை அடைக்கும், ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும். பார்க்க அழகு. ஆனால் விழுந்தால் உடையும் என்பதால் நான் பிளாஸ்டிக்கோடு நின்றுவிட்டேன்.

ஒரு பெரிய கப்புக்கு 250 மில்லிலீற்றர் தண்ணீர், 15 கிராம் தூள். தராசு இல்லாவிட்டால் தலைதட்டி மூன்று மேசைக்கரண்டி. கடதாசியை முதலில் சுடுதண்ணீரால் நனைத்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கடதாசி மணம் வரும். மட்டக்களப்பு கடல் மட்டத்தில் இருப்பதால் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். கேத்தல் மூடியைத் திறந்து அரை நிமிடம் விட்டால் சரியான சூடு. (நுவரெலியாவில் 94க்குக் கிட்டவே கொதித்துவிடும், அங்குள்ளவர்கள் உடனே ஊற்றலாம்.) முதலில் தண்ணீர், பிறகு தூள். அம்மம்மா செய்ததற்கு நேரெதிர்தான். ஆனால் தூளை முதலில் போட்டால் அடியில் கடதாசியை அடைத்து, வடிய நேரம் எடுக்கிறது. ஒருதரம் கலக்கி, மூடி, இரண்டரை நிமிடம். பிறகு கப்பின் மேல் வைத்தால் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக வடியும். முடிந்ததும் உள்ளே பாருங்கள். மழைத்தண்ணீர் வற்றிய முற்றம்போல் தூள் மட்டமாகப் படிந்திருக்க வேண்டும். குழி இருக்கக்கூடாது.

தூளில்தான் பலர் பிழை விடுகிறார்கள். கடையில் விற்கும் தூள் ஜக்கில் ஊற்றிக் குடிப்பதற்கென்று மாவாக அரைத்தது. அதைக் கடதாசியில் போட்டால் சேறாகி அடைத்து, பத்து நிமிடமானாலும் வடியாது. நான் பதுளைப் பக்கத்துக் கொட்டையை வறுத்ததாக வாங்கி, செங்கலடியில் ஒரு மில்லில் ரவைப் பதத்துக்கு அரைத்துத் தரச் சொல்வேன். முதல் தரம் கேட்டபோது மில்காரர், "இவ்வளவு பரும்படியாவா தம்பி?" என்று இரண்டு முறை உறுதி செய்துகொண்டார். இப்போது என்னைக் கண்டதும் அவரே கல்லைத் தளர்த்திவிடுகிறார். மல்லியையும் வேர்க்கொம்பையும் இதோடு சேர்த்து அரைக்காதீர்கள். ஊறும்போது ஒரு சிட்டிகை தனியாகப் போடலாம், மணம் நன்றாக இறங்கும்.

தண்ணீரையும் கவனியுங்கள். கரையோரத்தில் பல கிணறுகளில் உவர் தட்டும், கேத்தலில் வெள்ளையாகப் படியும். மெசினுக்குள் குழாயிலும் அதே வெள்ளைதான் படிந்து சூட்டைக் குறைக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. மாதம் ஒருதரம் வினாகிரி கலந்த தண்ணீரை ஓட்டி, பிறகு நல்ல தண்ணீர் இரண்டு தரம் ஓட்டுங்கள்.

2022இல் மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். காஸும் இல்லை. பத்துக் கப் மெசின் மூலையில் தூசு பிடித்துக் கிடந்தது. முற்றத்தில் மூன்று கல் வைத்து, தென்னம்பாளை எரித்து, கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, அந்தப் பிளாஸ்டிக் கூம்பில் ஊற்றித்தான் குடித்தோம். ஒருநாள்கூட அம்மாவின் விடியற்காலைக் கோப்பி தவறவில்லை. அந்த மாதங்களுக்குப் பிறகு மெசினைக் கேட்ட ஒரு உறவுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன், ஜக்கை இழுக்கும் முறையையும் சொல்லிக் கொடுத்துத்தான்.

மச்சாளுக்கு நேற்று திரும்ப எடுத்துப் பேசினேன். "மெசின் வேண்டாம், ஆனா ஒரு சாமான் கட்டாயம் வேணும்" என்றேன். நான்காம் நம்பர் கோப்பிக் கடதாசி, நூறு உள்ள பெட்டி இரண்டு. இங்கே எப்போதும் கிடைப்பதில்லை, வந்தாலும் விலை கூட. "இவ்வளவுதானா? பெட்டி நிரம்பாதே" என்றார். அம்மா பக்கத்தில் இருந்து, "மிச்ச இடத்தில உன்ர உடுப்பக் கூட வை, ஒரு மாசம் நில்லு" என்றார்.