ஞாயிற்றுக்கிழமை நேரலையில் சிரித்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நேரலையைப் பார்த்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்களுக்கு: ஆய்வகத்தில் மூளைத் திசுவை வளர்த்து, அதில் வைரஸ் என்ன செய்கிறது என்று பார்க்கும் ஆராய்ச்சியைப் பற்றிய பேச்சு அது. "தட்டில் மூளையை வளர்த்து, வைரஸை ஊற்றி வேடிக்கை பார்க்கிறார்கள்" என்று அதில் பேசியவர் சொன்னதும் கமெண்டில் எல்லோரும் சிரித்தார்கள். அங்கே நான் எழுதிய பதிலை அரை மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். சரி, இங்கேயே எழுதுகிறேன்.

முதலில், அது முழு மூளை இல்லை. 2013இல் வியன்னாவில் விஞ்ஞானிகள் மேடலின் லங்காஸ்டரும் யூர்கன் நோப்லிக்கும் தங்கள் குழுவோடு, பல வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்துக் காட்டிய ஆர்கனாய்டு. சில மில்லிமீட்டர் திசு உருண்டை. கருவில் மூளை உருவாகும் ஆரம்பக் கட்டத்தை ஓரளவு ஒத்திருக்கும்.

அதில் ஏன் வைரஸ்? 2015இல் பிரேசிலில் தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளை அதற்குள் மறந்துவிட்டோமா? கொசு பரப்பும் ஜிகா வைரஸ்தான் காரணம். வயிற்றுக்குள் இருக்கும் சிசுவின் மூளையை யாரும் எடுத்துப் பார்க்க முடியாது. எலியில் பார்க்கலாமே என்பீர்கள். வைரஸ் நுழைந்ததும் நம் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியேற்றி, பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும். அந்தச் செய்தியை செல்லுக்குள்ளே எடுத்துப்போவது ஸ்டாட்2 என்ற இன்னொரு புரதம். ஜிகாவின் என்எஸ்5 புரதம் அந்த ஸ்டாட்2ஐ அழிய வைக்கிறது. மனிதச் செல்லில் பலிக்கும் இந்த வேலை எலியிடம் பலிக்காது. மனிதத் திசு வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணம் போதாதா?

2021இல் அதே நோப்லிக் குழு ஜிகாவையும், மூளைக்காய்ச்சலை உண்டாக்கக்கூடிய ஹெர்பிஸ் வைரஸ் 1ஐயும் ஆர்கனாய்டில் செலுத்திப் பார்த்தது. இரண்டும் பெருகின, செல்கள் செத்தன, உருண்டைகளின் வளர்ச்சி குன்றியது. ஆனால் இன்டர்ஃபெரான் எதிர்ப்பு பெரிதாக எழவே இல்லை. வீட்டுக்குள் திருடன், நாய் குரைக்கவில்லை. வெளியிலிருந்து இன்டர்ஃபெரானைக் கொடுத்தபோது பாதிப்பு குறைந்தது, அதுவும் ஜிகாவுக்கு ஒரு வகை, ஹெர்பிஸுக்கு வேறு வகை. தட்டையாக வளர்த்த செல்களில் இதெல்லாம் தெரியவில்லை. நாய் ஏன் குரைக்கவில்லை என்று தேடுவதுதான் உங்களுக்கு வேடிக்கையா?

"ரத்தநாளம் இல்லை, மைக்ரோக்ளியா இல்லை, அதில் என்ன எதிர்ப்பு ஆராய்ச்சி?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வழக்கமான ஆர்கனாய்டில் ரத்தநாளமும், மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியாவும் இல்லை, உண்மை. அங்கே பலித்தது நோயாளியிடம் பலிக்கும் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் எதிர்ப்பு வெள்ளையணுக்களின் வேலை மட்டும்தானா? வைரஸ் நுழைந்ததை உணர உதவும் டிஎல்ஆர்3 என்ற மரபணுவில் குறை இருந்து ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல் வந்தவர்களைப் பற்றி 2007இல் ஆராய்ச்சியாளர் ழான்-லோரான் கசனோவாவின் குழு எழுதியது. அத்தகையவர்களின் தோல் செல்லிலிருந்து 2012இல் நரம்புச் செல்களை உருவாக்கிப் பார்த்தார்கள். அவற்றால் ஹெர்பிஸைத் தடுக்க முடியவில்லை. நரம்புச் செல்லே தனக்காகச் சண்டை போட வேண்டும். அது தோற்கும் இடத்தைத்தான் தேடுகிறார்கள்.

"கடவுள் வேலையில் கை வைக்கிறார்கள்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். என் அப்பாவுக்கு வந்தது ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சல். இரண்டு நாள் காய்ச்சல், அப்புறம் சமையலறையில் ஏதோ கருகுகிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அடுப்பே பற்றவைக்கவில்லை. முதலில் போன இடத்தில் மனக்குழப்பம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த நாள் வலிப்பு. 21 நாள் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து ஏறியது, உயிர் பிழைத்தார்.

நோயின் பெயரைச் சொன்னதும் சொந்தக்காரர் ஒருவர் குரலைத் தாழ்த்தி, "உங்க அப்பாவுக்கு இது எப்படி வந்துச்சு?" என்றார். ஹெர்பிஸ் என்றாலே பாலியல் நோய் என்ற நினைப்பு. அம்மா பக்கத்திலேயே நின்றார். அது உதட்டோரம் கொப்புளம் போடும் அதே வைரஸ். 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நேரலையில் சிரித்தவர்களிடமும் இருக்கும். அப்பாவின் மூளைக்குள் மட்டும் ஏன் போனது என்று எந்த டாக்டராலும் எங்களுக்குச் சொல்ல முடியவில்லை.

அன்று சிரித்தவர்களில் இரண்டு பேர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு அப்பாவைப் பார்க்க வந்தவர்கள். அவர்கள் எழுதியதைத்தான் நான் முதலில் படித்தேன். அப்பாவுக்கு இன்னும் சில காலைகளில் என் பெயர் வருவதில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், நானே சொல்லிவிடுவேன்.